2 ஜிபி ராமில் நான்கு ஆண்டுகள்

2021-இல் வீட்டில் ஒதுக்கிப்போட்ட ஒரு நெட்புக்கை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினேன். இன்டெல் ஆட்டம் என்455, ஒரே கோர், 2 ஜிபி ராம். "இன்னொரு ராம் போட்டுக்கொள்ளலாமே" என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். இந்த ப்ராசசர் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. இருப்பதை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும்.

32 பிட் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளமும், எடை குறைந்த எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்பும் போட்டேன். ஆனாலும் பிரவுசரில் ஆறேழு டேப் திறந்தால் போதும், ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். ராம் நிரம்பி, அதில் இருப்பதை டிஸ்கில் ஸ்வாப் என்று ஒதுக்கிய இடத்துக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதுமாகவே நேரம் போய்விடும்.

நிலைமையை மாற்றியது லினக்ஸில் உள்ள இசட்ராம் என்ற வசதி. ராமுக்குள்ளேயே ஒரு ஸ்வாப் அமைத்து, அங்கே போகும் தரவைச் சுருக்கி வைக்கிறது. எனக்குப் பெரும்பாலும் பாதிக்கும் கீழாகச் சுருங்குகிறது. சுருக்கும் வேலை ப்ராசசர் தலையில் விழும் என்பதால், அதிகம் சுருக்கும் இசட்எஸ்டிடி முறையை விட்டு வேகமான எல்இசட்4 முறையை வைத்தேன்.

ஒன்றை மட்டும் பல மாதம் தப்பாகவே வைத்திருந்தேன். ஸ்வாப்பை எந்த அளவுக்கு நாடலாம் என்று சொல்லும் எண் ஸ்வாப்பினஸ்; அது வழக்கமாக 60. அதை 10 ஆக்கச் சொல்வது டிஸ்க் ஸ்வாப்புக்கான யோசனை. இசட்ராம் இருக்கும்போது அப்படிக் குறைத்தால், லினக்ஸின் மையமான கெர்னல் ஸ்வாப்பைத் தவிர்த்து, நிரல் கோப்புகளின் கேஷை, அதாவது ராமில் வைத்திருக்கும் நகலை, தூக்கி எறிகிறது. அப்புறம் அவற்றையே டிஸ்கிலிருந்து மறுபடி படிக்கிறது. 100 ஆக்கிய பிறகுதான் ஜன்னல் மாற்றும்போது வந்த தடுமாற்றம் நின்றது.

ராம் நிலவரம் காட்டும் 'ஃப்ரீ' கட்டளையில் காலி இடம் 80 எம்பி என்று பார்த்துப் பதற வேண்டாம். லினக்ஸ் மிச்ச ராமைக் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற நெடுவரிசை. ராமைச் சுத்தம் செய்கிறோம் என்று இந்தக் கேஷை அழிக்கும் மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எர்லிஊம் என்ற காவல் நிரலும் போட்டிருக்கிறேன். ராமிலும் ஸ்வாப்பிலும் காலி இடம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால், கணினி உறைவதற்கு முன்பே ஒரு நிரலை நிறுத்திவிடும். முதலில் பிரவுசரை நிறுத்து என்று சொல்லி வைத்திருக்கிறேன். டேப்களைத் திரும்பத் திறந்துகொள்ளலாம், லிப்ரெஆபிஸில் சேமிக்காத கணக்கு போனால் போனதுதான்.

டெபியன் 13-இல் 32 பிட் நிறுவி கிடையாது. என்455 64 பிட்டையும் ஓட்டும். ஆனால் அதில் அதே நிரல்கள் கூடுதல் ராம் பிடிக்கும். அதனால் இப்போதைக்கு 12-இலேயே இருக்கிறேன்.