டான்சில் வலி: உப்பு நீரா, தேனா, மஞ்சள் பாலா?

எச்சில் விழுங்கவே பயந்துகொண்டிருந்த ஐந்து நாட்களில் மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். கூடவே அதிமதுரமும். மூன்றாம் நாளிலிருந்து பகலில் உப்பு நீர் மட்டும்தான்.

நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இரு பக்கமும், தொண்டையின் வாசலில் இருக்கும் சதைதான் டான்சில். பலரும் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். டான்சில் வீங்குவதற்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். நான்கைந்து நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். வீட்டு வைத்தியம் நோயை விரட்டுகிறது என்று நான் நம்பவில்லை. அந்த நாட்களைக் கடத்த எது கைகொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி.

எதைச் செய்தாலும் கிடைத்த இதம் எனக்கு அரை மணி நேரம், கூடிப்போனால் முக்கால் மணி. பிறகு வலி திரும்பிவிடும். அதனால் எது அதிக இதம் தருகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரே நாளில் எட்டு முறை, பத்து முறை சலிக்காமல், உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் எதைச் செய்ய முடியும்? என் முடிவு முழுக்க இந்த ஒன்றில்தான் நிற்கிறது.

உப்பு நீரை விழுங்க வேண்டியதில்லை. டான்சில் வலியில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். தேனோ பாலோ தொண்டைக்குள் இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு மடக்கும் முள் போலக் குத்தும். கொப்பளித்த நீரைத் துப்பிவிடலாம். துப்புவதால் வயிறு நிறைவதில்லை, உப்பும் உடம்பில் அதிகம் சேர்வதில்லை. வெந்நீரும் உப்பும் இருந்தால் போதும், நடு இரவில்கூடச் செய்யலாம்.

அளவில்தான் முதல் நாள் தவறினேன். உப்பு கூடினால் சீக்கிரம் குணமாகும் என்று இரண்டு தேக்கரண்டி போட்டேன். தொண்டை எரிந்து, வறண்டு, வலி இன்னும் மோசமானது. 250 மில்லி வெதுவெதுப்பான நீருக்கு அரைத் தேக்கரண்டி தூள் உப்பு போதும். நம் உடல் திரவங்களின் உப்புத்தன்மை ஏறக்குறைய 0.9 சதவீதம், இந்தக் கலவை அதைவிடச் சற்றே கூடுதல். அந்தச் சிறு வித்தியாசமே வீங்கிய சதையிலிருந்து கொஞ்சம் நீரை வெளியே இழுக்கும். ஒட்டியிருக்கும் சளியும் கழுவிக்கொண்டு போகும். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, 'ஆ' என்று குரல் கொடுத்தபடி பத்துப் பதினைந்து விநாடி கொப்பளித்தால்தான் நீர் டான்சில் வரை போகிறது. வாயை மட்டும் அலசித் துப்பினால் பயனில்லை. டான்சிலின் குழிகளுக்குள் இருக்கும் கிருமியை இது தொடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தேனை நான் இரவுக்கு ஒதுக்கினேன். இருமல் உள்ள குழந்தைகளுக்குப் படுக்கும் முன் தேன் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இருமல் குறைந்திருக்கிறது. எனக்கும் வறட்டு இருமல் அடங்கித் தூக்கம் வந்தது. ஆனால் டான்சில் வலி என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாள் முழுக்க நக்கிக்கொண்டிருந்தால் பல்லுக்கும் நல்லதல்ல, சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மஞ்சள் பால் ஆகாரமாக உதவியது. திட உணவு இறங்காதபோது தெம்பு தந்தது. மருந்தாகப் பார்த்தால், மஞ்சளில் உள்ள குர்குமின் நீரில் எளிதில் கரையாது, குடலிலும் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். இரண்டாவது டம்ளருக்கு மேல் என்னால் குடிக்கவும் முடியவில்லை.

அதிமதுரத்தை இரண்டு நாள்தான் மென்றேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. இதமாகத்தான் இருந்தது. ஆனால் அதிகமாகச் சேர்த்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவர்கள் தொட வேண்டாம். எலுமிச்சை, வினிகர் இரண்டும் எரிந்தன, விட்டுவிட்டேன். வலி தாங்காத வேளையில் பாராசிட்டமால்தான் கேட்டது. அதற்கு ஈடாக இவற்றில் ஒன்றுமில்லை.

இவை எதுவும் போதாத நிலையும் உண்டு. 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் வலிக்கும் நெறிக்கட்டி, ஆனால் இருமல் இல்லை என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். மருத்துவர் தொண்டைச் சளியைச் சோதித்துச் சொல்வார். குழந்தைகளுக்கு இதைக் கவனிக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பாதிக்கப்படலாம். நோய் தொடங்கிய 9 நாட்களுக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் அதைத் தடுக்க முடியும். வலி ஒரே பக்கமாகக் கூடுகிறது, வாய் திறக்க முடியவில்லை, குரல் மாறுகிறது, எச்சில் வழிகிறது என்றால் சீழ் கட்டியிருக்கக்கூடும். அன்றைக்கே போக வேண்டும். மூச்சு விடச் சிரமம் என்றால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. அக்காவின் நான்கு வயது மகளுக்கு ஒருமுறை கொப்பளிக்கச் சொல்லிக்கொடுத்தேன். பாவம், அப்படியே விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள். அவளுக்கு வெதுவெதுப்பான நீரில் தேன் கலந்து சிறுகச் சிறுகக் கொடுத்தோம்.