பத்து டப்பா, பத்து உசுரு: இந்திராநகர் பசில் நைட் ரிவ்யூ

ஃபுல்லா படிக்க டைம் இல்லாதவங்களுக்கு மொதல்லயே சொல்லிடுறேன். பெங்களூரு இந்திராநகர்ல இருக்கிற இந்த கஃபேல ரெண்டு விதமா பசில் நைட் நடத்துறாங்க, ஒண்ணு ஸ்ட்ராடெஜி நைட், இன்னொண்ணு ஸ்டோரி நைட். மொதலாவதுக்கு கண்ண மூடிட்டு போங்க. ரெண்டாவதுக்கு குடுக்குற காசுக்கு குடும்பத்தோட மசால் தோசை சாப்பிட்டு வீட்டுக்கு வந்துடலாம். கடை பேரு போடல, ஏன்னா கொறையும் எழுதப்போறேன், சின்ன இடம், நடத்துறவங்களும் சின்னப் பசங்க.

டிக்கெட் மல்டிப்ளெக்ஸ்ல ஒரு படம் பாத்து பாப்கார்ன் வாங்குற அளவுக்கு ஆகுது, அதுல ஒரு காபி அடக்கம், அந்த காபி வாயில வெக்க முடியல, வெளிநாட்டு ஸ்டைல்ல புளிப்பா ஒண்ணு தர்றாங்க, டீ கேட்டு வாங்கிக்கோங்க. நாங்க ஹலசூருல இருக்கோம், இந்திராநகர் மெட்ரோல ஒரே ஸ்டாப், அதனால வண்டி எடுக்கல. வண்டில வர்றவங்க சனிக்கிழமை சாயங்காலம் 100 அடி ரோட்டுல பார்க்கிங் கிடைக்கும்னு நம்பி வராதீங்க.

நான், வீட்டம்மா, மச்சான், மாமனார், நாலு பேரும் போனோம். மாமா டெலிஃபோன் செய்யற ஐ.டி.ஐ. ஃபேக்டரில இருந்து ரிட்டயர் ஆனவரு, "சின்னப் பசங்க விளையாடுற எடத்துல எனக்கென்ன மாப்ள வேலை"ன்னு கெளம்பவே மாட்டேன்னாரு, சும்மா வந்து உக்காருங்கன்னு இழுத்துட்டு போனோம்.

ஸ்ட்ராடெஜி நைட்ல வர்ற எல்லா புதிருக்கும் ஒரே கண்டிஷன்தான், தப்பா முடிவெடுத்தா செத்தீங்க. நமக்கு இது ஒண்ணும் புதுசில்ல, பதில் தெரிஞ்சும் வாயத் தொறக்கலேன்னா தல சுக்குநூறா வெடிச்சிடும்னு விக்கிரமாதித்தன மெரட்டுன வேதாளம் இதத்தானே பண்ணிச்சு. ஆனா இங்க உக்காந்து கத கேக்கறதில்ல, எழுந்து நின்னு சாகணும். அதான் விஷயமே.

மொதல்ல டப்பா புதிரு. ஒரு சின்ன ரூம்ல மேஜை மேல பத்து எவர்சில்வர் டப்பா, நம்ம வீட்ல கடுகு சீரகம் போட்டு வெப்போமே அதே டப்பாதான், மூடி மேல 1லருந்து 10 வரைக்கும் நம்பர் ஒட்டியிருக்கு. உள்ள 1லருந்து 10 வரைக்கும் எழுதின சீட்டு, கலைச்சு டப்பாவுக்கு ஒண்ணா போட்டு வெச்சிருக்காங்க. விளையாடுற பத்து பேருக்கும் ஒரு நம்பர். ஒவ்வொருத்தரா உள்ள போகணும், அஞ்சு டப்பா வரைக்கும் தொறக்கலாம், தன் நம்பர் சீட்ட கண்டுபிடிக்கணும், எல்லாத்தையும் இருந்தபடியே மூடிட்டு வேற கதவு வழியா வெளிய போயிடணும், மூஞ்சில கூட எதுவும் காட்டக்கூடாது. பத்து பேரும் கண்டுபிடிச்சா விடுதலை. ஒருத்தர் கோட்ட விட்டாலும் பத்து பேருக்கும் தூக்கு. உள்ள போறதுக்கு முன்னாடி எவ்ளோ வேணா பேசி பிளான் போட்டுக்கலாம்.

இதோட ஒரிஜினல்ல 100 கைதி, 100 பெட்டி, ஆளுக்கு 50 தொறக்கலாம். பீட்டர் ப்ரோ மில்டர்சன்னு டென்மார்க்காரரு, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆராய்ச்சி பண்றவரு, அவரும் அன்னா கால்னு இன்னொருத்தரும் சேந்து 2003ல எழுதின பேப்பர்லருந்து கெளம்பினது. கண்ணுல பட்டத தொறந்தா ஆளுக்கு பாதிக்குப் பாதி சான்ஸ், பத்து பேரும் பொழைக்க 1024ல 1. நூறு பேருன்னா புள்ளிக்கு அப்புறம் 30 சைபர் போட்டு அதுக்கு மேலதான் மொத நம்பரே வரும். சாமிய வேண்டிக்கறதத் தவிர வழி இல்லன்னு தோணும்ல?

வழி இருக்கு. உங்க நம்பர் 8ன்னா மொதல்ல 8ம் நம்பர் டப்பாவத் தொறங்க. உள்ள என்ன நம்பர் இருக்கோ அடுத்து அந்த டப்பா. அதுக்குள்ள இருக்கிற நம்பரு எதுவோ அடுத்து அது. இப்படியே புடிச்சிட்டு போனா எப்படியும் சுத்தி வந்து உங்க சீட்டுலதான் முடியும், வேற எங்கயும் முடிய வழியே இல்ல, கேள்வி என்னன்னா அஞ்சு டப்பாக்குள்ள முடியுமாங்கறதுதான். இத எங்க டேபிள்ல கண்டுபிடிச்சது பக்கத்துல உக்காந்திருந்த காலேஜ் பொண்ணு, கன்னடத்துல அவ விளக்க மாமா எங்களுக்குத் தமிழ்ல சொன்னாரு.

ஆனா மொத ரவுண்டுல செத்தோம். ஏன் செத்தோம்கறதுதான் இந்த ஈவினிங்ல எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. ஹோஸ்ட் பொண்ணு எல்லா மூடியையும் தொறந்து நூல வெச்சு காட்டுச்சு, 3க்குள்ள 8, 8க்குள்ள 1, 1க்குள்ள 10, அப்புறம் 6, 2, 9, திரும்ப 3. ஏழு டப்பா சேந்து ஒரே வட்டம். அந்த ஏழுல மாட்டின ஏழு பேரும் அஞ்சுக்குள்ள முடிக்க முடியாம காலி, நான் 8, நானும் அதுல ஒருத்தன். மிச்சம் மூணு பேருக்கு பிரச்சனையே இல்ல. மாமா நம்பர் 5, அஞ்சாம் டப்பாக்குள்ளயே 5 இருந்திருக்கு, மனுஷன் உள்ள போன வேகத்துல வெளிய வந்தாரு, எங்களுக்கெல்லாம் இவரு ரூல் புரியாம வந்துட்டாரோன்னு டவுட்டு.

இப்ப கவனிங்க, இந்த பிளானால தனி ஆளுக்கு சான்ஸ் கொஞ்சம் கூட ஏறல, ஒவ்வொருத்தருக்கும் அதே பாதிக்குப் பாதிதான். மாறினது ஒண்ணே ஒண்ணு. தோத்தா ஒரு கும்பலே சேந்து தோக்குது, ஜெயிச்சா எல்லாரும் சேந்து ஜெயிக்கறாங்க. எப்படியும் ஒருத்தர் தோத்தாலே எல்லாருக்கும் தூக்குதான், அப்புறம் ஏழு பேரு தோத்தா என்ன, ஒருத்தர் தோத்தா என்ன, தோல்விய எல்லாம் ஒரே மூட்டையா கட்டிட்டா மத்த நேரம் கிளீனா போயிடுது. கணக்கு போட்டா பத்து பேருக்கு கிட்டத்தட்ட 35 சதவீதம். நூறு பேருக்கு 31. லட்சம் பேர நிறுத்தினாலும் 30க்கு கீழ எறங்காது. இதவிட நல்ல பிளான் கெடையாதுன்னும் 2006ல நிரூபிச்சிட்டாங்க. அடுத்த ரவுண்டுல பெரிய வட்டமே 4தான் வந்துச்சு, பத்து பேரும் பொழச்சோம், ரூம் அதிர்ந்துச்சு.

அப்பதான் மாமா மெதுவா கேட்டாரு, "நாம பேசுறத ஜெயிலரு ஒட்டுக்கேட்டுட்டா?" கேட்டான்னா வேணும்னே எல்லா டப்பாவையும் ஒரே பெரிய வட்டமா வெச்சிடுவான், அத்தன பேரும் அவுட்டு. ஹோஸ்ட் பதில் சொல்லல, "நீங்களே சொல்லுங்க அங்கிள்"னு விட்டுட்டு அடுத்த டேபிளுக்கு போயிடுச்சு. மாமா அந்த புளிச்ச காபிய ஃபுல்லா குடிச்சு முடிச்சிட்டு, "மாப்ள, டப்பா நம்பர நாம நமக்குள்ள ரகசியமா சீட்டு குலுக்கி மாத்திக்குவோம், அவன் 3ன்னு ஒட்டினது நமக்கு 7, அவன் எப்படி வெச்சாலும் நமக்கு குலுக்கின மாதிரிதான்"னாரு. கரெக்ட் ஆன்சர் அதேதான். மச்சான் சாஃப்ட்வேர்ல டீம் லீடு, வாயத் தொறந்தவன் மூடல. "அப்பா இத எங்க படிச்சீங்க"ன்னான். "படிக்கிறதுக்கு என்ன இருக்கு, ஃபேக்டரில இன்ஸ்பெக்ஷன் வருதுன்னு தெரிஞ்சா இப்படித்தான் பண்ணுவோம்"னாரு.

நல்ல ஹோஸ்ட்டுங்கறது இதான். பாதி எடத்துல க்ளூ குடுக்கறேன்னு பதிலயே ஒளறிடுவாங்க. இந்தப் பொண்ணு வாயக் கட்டி உக்காந்திருந்துச்சு, கேட்ட கேள்விக்கு ரூல மட்டும் திரும்பப் படிச்சுச்சு.

அடுத்து மூணு பேரு துப்பாக்கிச் சண்டை. முதல் ஆளு சுட்டா மூணுல ஒண்ணுதான் படும், ரெண்டாவது ஆளுக்கு மூணுல ரெண்டு, மூணாவது ஆளு குறி தப்பவே தப்பாது. வரிசையா சுடணும், மட்டமானவன்தான் மொதல்ல. துப்பாக்கிக்கு பதில் பகடை, 1 2 விழுந்தா மொத ஆள் சுட்டது பட்டுடுச்சு, 4 வரைக்கும் விழுந்தா ரெண்டாவது ஆளோடது. வீட்டம்மாவுக்கு மொத ஆளு வேஷம். யார சுடுவீங்க? எல்லாரும் சொல்றது, பெரிய கையத்தான். அப்படிப் பண்ணா பொழைக்க 31 சதவீதம். சரியான பதில், வானத்தப் பாத்து சுடணும்! வேணும்னே தப்பவிட்டா 40 கிட்ட போகுது, ஏன்னா மீதி ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்குவாங்க, அதுல ஒருத்தன் போனப்புறம் அடுத்த குண்டு உங்களுது. இன்னும் வேடிக்கை, குறியே தப்பாத அந்த மூணாவது ஆளுக்குத்தான் இருக்கறதுலயே கம்மி, 22 சதவீதம். அப்ரைசல் டைம்ல ரெண்டு ஸ்டாருங்க முட்டிக்கும்போது மூலைல கம்முனு உக்காந்திருந்தவனுக்கு புரொமோஷன் வர்ற கத எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் நடக்குது, அதுக்கு இவ்ளோ கணக்கு இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது.

ஜோசஃபஸ் புதிரும் உண்டு, அது சீக்கிரம் முடிஞ்சிடும். கி.பி. 67ல ரோமானியப் படை ஒரு யூத ஊர முற்றுகை போட்டப்ப குகைல மாட்டினவங்க சரணடையறதுக்கு பதில் ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கறதுன்னு முடிவெடுத்ததா அதுல பொழச்ச ஜோசஃபஸே எழுதி வெச்சிருக்காரு. புதிரா சொல்றப்ப 41 பேரு வட்டமா நின்னு மூணாவது மூணாவது ஆளா போவாங்க, கடைசில நிக்கறது 31வது எடம். நம்ம இங்கி பிங்கி பாங்கிதான், உசுர வெச்சு. இங்க 12 பேர் நின்னோம், ஒருத்தர் விட்டு ஒருத்தர் அவுட்டு, 9வது ஆள் மிஞ்சினாரு.

சொதப்பினது விஷ புதிரு. 1000 பாட்டில்ல ஒண்ணுல விஷம், ருசி பாக்க 10 பேரு, ஒரே ஒரு ரவுண்டுதான், எந்த பாட்டில்னு சொல்லணும். பாட்டிலுக்கு நம்பர் குடுத்து, அந்த நம்பர பைனரில, அதாவது 1, 2, 4, 8ன்னு இரட்டிப்பாகிட்டே போற கட்டத்துல எதெல்லாம் கூட்டினா அந்த நம்பர் வரும்னு ஆமா இல்லன்னு பத்து கட்டமா எழுதி, எந்தக் கட்டத்துல ஆமா இருக்கோ அந்த ஆளு மட்டும் குடிக்கணும், யார் யார் சாகறாங்கன்னு பாத்தா பாட்டில் நம்பர் கெடைச்சிடும், 10 பேருக்கு 1024 வரைக்கும் தாங்கும். ஐடியா சூப்பர். இங்க 16 பேப்பர் கப் தண்ணி, 4 பேரு, விஷத்துக்கு பதில் உப்பு. ஆளுக்கு எட்டு கப்லருந்து ஒவ்வொரு ஸ்பூன் எடுத்து ஒண்ணா கலந்து குடிக்கணும். யாரோ புண்ணியவான் உப்ப சிட்டிகைல போட்டிருக்காங்க, எட்டுல ஒரு பங்காயிட்டா நாக்குக்கு எங்க தெரியும்? நாலு பேரும் "ஒண்ணும் இல்லயே"ன்னோம், நாலும் இல்லன்னா கணக்குப்படி 0ம் நம்பர் கப்பு, அத குடிச்சா பச்சத்தண்ணி. உப்பு இருந்தது 13ல. எங்க டேபிள் மட்டுமில்ல, எல்லா டேபிள்லயும் இதே கத. அடுத்த தடவ பாகற்காய் ஜூஸ் கலங்கன்னு ஃபீட்பேக் கார்டுல எழுதிட்டு வந்தேன், செய்வாங்களான்னு தெரியல.

இப்ப ஸ்டோரி நைட். அதுக்கு ஹோஸ்ட் வேற ஒரு பையன். ஒரு ஆளு ஹோட்டல்ல அல்பட்ராஸ் சூப் ஒரு வாய் குடிச்சிட்டு வீட்டுக்குப் போயி தற்கொலை பண்ணிக்கறான், ஏன்? ஆமா, இல்ல, சம்பந்தமில்ல, இந்த மூணு பதில்தான் வரும், நாம கேள்வி கேட்டு கேட்டு கதைய புடிக்கணும். அல்பட்ராஸ்னா கடல் பறவைன்னே எங்க டேபிள்ல பாதி பேருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் என்ன, முன்னாடி கப்பல் மூழ்கி தீவுல மாட்டினப்ப பறவைக் கறின்னு சொல்லி மனுஷக் கறி குடுத்திருக்காங்க, இந்த சூப் ருசி வேறயா இருந்ததும் அவனுக்கு அது புரிஞ்சிடுச்சுன்னு நாமளா எட்ட வழியே இல்ல, அந்தப் பையன் மனசுல இருக்கறத நோண்டி எடுக்கணும். மச்சான் அதுக்கு பொருந்துற மாதிரியே வேற ஒரு கத சொன்னான், எந்த க்ளூவோடயும் இடிக்கல, "அது இல்ல ப்ரோ"ன்னு தள்ளிட்டான். நடுவுல ஒரு கேள்விக்கு ஆமான்னு சொல்லிட்டு பத்து நிமிஷம் கழிச்சு இல்லன்னான். அப்புறம் அந்தப் பழைய லிஃப்ட் புதிரு, ஒருத்தன் பாதி மாடி வரைக்கும்தான் லிஃப்ட்ல போயி மிச்சத்த படியேறுறான், ஏன்னா குள்ளமான ஆளுக்கு மேல் பட்டன் எட்டல, அத தெரியாதவங்க யாரு?

டப்பா புதிர்ல செத்தாலும் கோவம் வரல, ஏன்னா ரூல் மொத்தமும் மேஜை மேல இருந்துச்சு. இங்க ரூலு ஹோஸ்ட் தலைக்குள்ள இருக்கு. கத வெச்சு நல்ல புதிர் பண்ண முடியாதுன்னு இல்ல. இந்த மாதிரி யோசனைக்கு 1967ல லேட்டரல் திங்கிங்னு பேர் வெச்ச எட்வர்ட் டி போனோ சொன்ன கூழாங்கல் கத இருக்கே: கடன் குடுத்தவன் பையில கருப்பு ஒண்ணு வெள்ளை ஒண்ணு போடறேன்னுட்டு ரெண்டு கல்லயும் கருப்பா போட்டுட்டான், வெள்ளை எடுத்தாதான் கடன் வாங்கினவரோட பொண்ணு தப்பிப்பா, அவ ஒண்ண எடுத்து பாக்கறதுக்கு முன்னாடி கீழ கெடந்த கூழாங்கல்லுங்களுக்கு நடுவுல நழுவவிட்டு, பையில மிச்சம் என்ன கலர்னு பாருங்கன்னுட்டா. அதுல எல்லாமே நம்ம கண்ணு முன்னாடி இருக்கு, யோசிச்சா எட்டும். அந்த மாதிரி பத்து புதிர் எடுத்து வெச்சா ஸ்டோரி நைட்டுக்கும் நானே ஆள் கூட்டிட்டு வருவேன்.

மத்தபடி, ஏசி ஜாஸ்தி, பெரியவங்கள கூட்டிட்டு போனா ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. ஹோஸ்ட் இங்கிலீஷும் கன்னடமும் பேசுது, டேபிளுக்குள்ள தமிழ்ல பேசிக்கிட்டா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. டப்பா புதிருக்கு பத்து பேர் வேணும், நாலு பேரா போனா தெரியாதவங்களோட சேத்து விடுவாங்க, கூச்சப்படாதீங்க. சாவு, தூக்குன்னு பேச்சு ஓடுறதால சின்னப் பிள்ளைங்கள வேணாம், எட்டாவது ஒம்பதாவது படிக்கிற பசங்கன்னா தாராளமா. சனிக்கிழமை ஸ்லாட் சீக்கிரம் ஃபுல் ஆயிடுது, மாமா அடுத்த மாசத்துக்கு இப்பவே புக் பண்ணச் சொல்லிட்டாரு, அவரோட வாக்கிங் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரையும் சேத்து.