'சதவீதம் குறைத்துத் தருகிறோம்' என்பவர்களிடம் ஆய்வேட்டைக் கொடுக்காதீர்கள்

இறுதிப் பருவத்தில் ஆய்வேடு சமர்ப்பிக்கவிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பிழை திருத்தித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்ட ஒரு கணினி மையம், ஏழு மாதம் உழைத்து நான் எழுதிய முதுகலை ஆய்வேட்டை, சமர்ப்பிக்க நான்கே நாட்கள் இருந்த நிலையில் சிதைத்துக் கையில் கொடுத்தது. அந்த மையத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதே வாசகம் எழுதிய பலகையை வேறு சில கல்லூரி வாசல்களிலும் பார்த்திருக்கிறேன் என்பதால், ஒரு கடையின் பெயரைவிட நடந்த விதம் தெரிவதே உங்களுக்குப் பயன்படும்.

என் ஆய்வு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றியது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பதற்கான விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்தது. அந்த இரண்டு ஆவணங்களையும் ஒப்பிட்டு, இரண்டே ஆண்டு இடைவெளியில் விதிகள் ஏன் மாறின என்பதை ஆராய்ந்திருந்தேன். முதல் ஆவணம் உறுப்பினரின் வயதை 30 முதல் 60 வரை என்கிறது. இரண்டாவது அதை 35 முதல் 70 வரை என்று மாற்றுகிறது. இப்படிப்பட்ட ஆய்வில் ஒரு சொல் மாறினாலும் வாதம் சரிந்துவிடும்.

ஆய்வேட்டில் எவ்வளவு பகுதி பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருளால் பார்ப்பதுதான் ஒப்புமைச் சோதனை. துறையில் முதற்கட்டமாக அதைச் செய்தபோது 14 சதவீதம் என்று வந்தது. பத்தைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வகுப்பில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததால் நான் அஞ்சிப்போனேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறையை அன்றே எடுத்துப் படித்திருந்தால் அந்த அச்சமே எழுந்திருக்காது. பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை என்றும், அதற்கு மேல் நாற்பது வரை இருந்தால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும் என்றும் அது சொல்வது உண்மைதான். ஆனால் உரிய முறையில் மூலம் காட்டப்பட்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே ஒழுங்குமுறை சொல்கிறது. என் பதினான்கில் பெரும்பகுதி கல்வெட்டு மேற்கோள்களும் நூற்பட்டியலும்தான். அவற்றை விலக்கிச் சோதித்தபோது நான்கு சதவீதமே வந்தது. ஆனால் அது நடந்தது எல்லாம் கெட்ட பிறகு.

கல்லூரிக்கு எதிரே இருந்த அந்த மையத்தின் பலகையில், 'பிழை திருத்தம், சதவீதம் குறைப்பு, பைண்டிங்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. பக்கத்துக்கு அறுபது ரூபாய். என் ஆய்வேடு 96 பக்கம் என்பதால் 5,760 ரூபாய் ஆகும் என்றும், 3,000 ரூபாய் முன்பணம் என்றும் சொன்னார்கள். "யார் அண்ணா திருத்துவாங்க?" என்று கேட்டேன். "தமிழ் எம்.ஏ. படிச்ச ஆள் இருக்காங்கம்மா, நீ கவலைப்படாத" என்றார் உரிமையாளர். திருத்துபவரைச் சந்திக்க வேண்டும் என்றும், இரண்டு பக்கம் மாதிரி பார்க்க வேண்டும் என்றும் நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என் வேர்டு கோப்பைப் பென் டிரைவில் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு நாள் கழித்து அச்சடித்த ஒரு படியும் ஒரு பிடிஎஃப் கோப்பும் கிடைத்தன. ஒப்புமை இரண்டு சதவீதம் என்று ஓர் அறிக்கையும் இணைத்திருந்தார்கள். மீதிப் பணத்தை அங்கேயே கொடுத்தேன்.

அடுத்த நாள் அந்தப் படியை நெறியாளரிடம் கொடுத்தேன். அவர் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, சற்று நேரம் பேசாமல் படித்துவிட்டு, "ஏம்மா, உத்திரமேரூர்ல எப்பம்மா சட்டமன்றம் நடந்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பக்கத்தை என் பக்கம் திருப்பினார். நான் 'சபை' என்று எழுதியிருந்த இடங்களில் எல்லாம் 'சட்டமன்றம்' என்று இருந்தது. 'குடவோலை' 'பானைச் சீட்டு' ஆகியிருந்தது. 'கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவர்' என்று உறுப்பினருக்கான தகுதியை எழுதியிருந்தேன். வேலி என்பது பழைய நில அளவு; இறை என்பது இங்கே வரி. அது 'கடவுளின் நிலம்' என்று மாறியிருந்தது. இதைவிடக் கொடுமை, ஊரின் முப்பது 'குடும்பு'களும் முப்பது 'குடும்பங்கள்' ஆகியிருந்தன. குடும்பு என்பது ஊரின் பகுதி, இன்றைய வார்டு போன்றது. ஊர் முழுவதையும் முப்பது பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் ஓலை எடுத்தார்கள் என்பதுதான் என் மூன்றாம் இயலின் அடிப்படை. ஒரு 'பு' 'பம்' ஆனதில், முப்பது குடும்பத்தார் மட்டும் ஊரை ஆண்டதாக என் பெயரில் அச்சாகியிருந்தது.

மேற்கோள் குறிக்குள் இருந்தவற்றையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. பராந்தகனின் கல்வெட்டுகள் அவனை 'மதிரை கொண்ட' கோப்பரகேசரி என்று குறிக்கின்றன. கல்லில் உள்ள எழுத்து அதுதான். அதைப் பிழை என்று கருதி 'மதுரை கொண்ட' என்று திருத்தியிருந்தார்கள். 'யாண்டு' எல்லாம் 'ஆண்டு' ஆகியிருந்தது. கோயில் சுவருக்கு முன்னால் நின்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து நான் குறித்து வந்த வரிகள் அவை. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது வந்த வேதனையை இன்னும் மறக்க முடியவில்லை.

இது மனிதர் கை பட்ட வேலை அல்ல என்பதை நெறியாளர்தான் விளக்கினார். தமிழ்ப் பத்தியை மொழிபெயர்ப்பு மென்பொருளில் இட்டு ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தை மறுபடியும் தமிழாக்கினால், சொற்கள் மாறிவிடுவதால் ஒப்புமை குறைந்ததுபோல் காட்டும். சபை ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பும்போது சட்டமன்றமாக வருவது இப்படித்தான். ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளிலும் இதற்கு நிகரான மோசடி உண்டு. 2021இல் கியோம் கபனாக் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் இத்தகைய தொடர்களைத் திரட்டி, அவற்றுக்குச் 'சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள்' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார்கள். செயற்கை நுண்ணறிவைக் குறிக்கும் சொல் 'போலி உணர்வு' என்னும் பொருளிலும், மார்பகப் புற்றுநோய் 'மார்பக ஆபத்து' என்னும் பொருளிலும் அச்சேறிய கட்டுரைகளை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆய்வாளரின் சொந்தச் சொல்லை அழிப்பதைத்தான் இவர்கள் திருத்தம் என்று விற்கிறார்கள்.

மையத்துக்குப் போய்க் கேட்டபோது, சதவீதம் குறைந்ததா இல்லையா என்று திருப்பிக் கேட்டார்கள். திருத்திய வேர்டு கோப்பையாவது கொடுங்கள், எங்கெங்கே மாற்றினீர்கள் என்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குத் தனியாக 1,500 ரூபாய் ஆகும் என்றார்கள். எந்த மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பணமும் திரும்பி வரவில்லை.

நல்லவேளையாக, பென் டிரைவில் போடுவதற்கு முன்பு அதே கோப்பை என் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்திருந்தேன். அவர்கள் தொட்டதை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு அதிலிருந்தே மீண்டும் தொடங்கினேன். திருத்தி எழுதுவதும் மெய்ப்புப் பார்ப்பதும் இரண்டு வேறு வேலைகள் என்பதை அந்த மூன்று இரவுகளில் கற்றேன். வாதம் வரிசையாகச் செல்கிறதா, இரண்டாம் இயலில் சொன்னதற்கு நான்காம் இயல் முரண்படுகிறதா, தேவையற்ற பத்தி எது என்று பார்ப்பது முதல் வேலை. அதை எழுதியவரும் நெறியாளரும்தான் செய்ய முடியும். ஒற்று, எழுத்துப்பிழை, அடிக்குறிப்பு எண், பக்க எண் ஆகியவற்றைப் பார்ப்பது இரண்டாவது. அது முதல் வேலை முழுவதும் முடிந்த பிறகே வர வேண்டும். அதற்கு விடுதித் தோழி ஒருத்தி துணைக்கு வந்தாள். தாளில் அச்சடித்த படியை அவள் மெதுவாக வாய்விட்டு வாசிக்க, நான் என் குறிப்பேட்டையும் மூல நூல்களையும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். திரையில் பத்து முறை பார்த்தும் என் கண்ணில் படாத 'வந்தப் பெண்' போன்ற பிழைகள் அவள் குரலில் உடனே தட்டின. 'யாண்டு பதினாலாவது' என்பதை நானே ஓரிடத்தில் 'பன்னிரண்டாவது' என்று எழுதியிருந்ததும் அப்படித்தான் பிடிபட்டது. அவளுக்கு வரலாறு பாடமே இல்லை. அவள் படிப்பது வேதியியல். தெரியாத சொல் வந்த இடத்தில் அவள் தானாக மாற்றாமல் நிறுத்தி என்னைக் கேட்டாள். மெய்ப்புப் பார்ப்பவரிடம் நமக்கு வேண்டிய குணம் அதுதான்.

நேரமில்லாமல் வெளியாரிடம் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், திருத்துபவருடன் நேரில் பேசுங்கள். மேற்கோள்களையும் கலைச்சொற்களையும் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள். வேர்டில் மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதியை இயக்கிய பிறகே கை வைக்க வேண்டும் என்றும், பிடிஎஃப் மட்டும் போதாது, அந்த வேர்டு கோப்பே வேண்டும் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்துக் காட்டும் ஒப்பிடும் வசதி வேர்டிலேயே இருக்கிறது. பாக்கிப் பணம் கொடுக்கும் முன் ஐந்து பக்கத்துக்காவது அதைச் செய்து பாருங்கள். சதவீதம் குறைப்பதாக யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே கோப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒப்புமை பார்க்கும் சில மென்பொருள்கள், சோதனைக்கு வந்த ஆவணத்தைத் தம் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். டர்னிட்டின் போன்றவற்றில் சேமிக்காமல் சோதிக்கவும் வழியுண்டு. ஆனால் கடைக்காரர் யாருடைய கணக்கில், எந்த அமைப்பில் சோதித்தார் என்று நமக்குத் தெரியாது. அங்கே அது சேமிக்கப்பட்டிருந்தால், பிறகு கல்லூரி சோதிக்கும்போது நம் ஆய்வேடே வேறொருவருடையது என்று காட்டப்படலாம். என் நெறியாளர் இதை முன்கூட்டியே நினைத்து, நடந்தவற்றைத் துறைத்தலைவருக்குக் கடிதமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்; கொடுத்தேன். ஆய்வேட்டைக் குறித்த நாளில் சமர்ப்பித்தேன், வாய்மொழித் தேர்வும் முடிந்தது. என் கோப்பை அந்த மையத்தின் கணினியிலிருந்து நீக்கச் சொல்லி இரண்டு முறை நேரில் போய்க் கேட்டுவிட்டேன். நீக்கிவிட்டோம் என்று வாயால் சொல்கிறார்கள்; எழுதித் தர மறுக்கிறார்கள்.