இடுப்பில் மறைத்துக் கட்டும் துப்பாக்கி உறை: இணையத்தில் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

டெக்சாஸில் இரவு பத்து, பதினொன்று வரை கடை திறந்து வைத்திருக்கும் நம் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். மளிகைக் கடை, கேஸ் ஸ்டேஷன், மருந்துக் கடை, எதுவானாலும் சரி. சமூக வலைத்தளங்களில் ஒரு விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது. கறுப்பு எலாஸ்டிக் பட்டையை வயிற்றைச் சுற்றிக் கட்டி, மேலே தளர்வான சட்டை போட்ட ஒரு பெண். பக்கத்தில் வாசகம்: "பெல்ட் தேவையில்லை. கிளாக் 19-க்கென்றே வார்த்த கைடெக்ஸ் கூடு உள்ளே. அமெரிக்கத் தயாரிப்பு. ஆயுள் உத்தரவாதம்." கிளாக் 19 ஒரு கைத்துப்பாக்கி, கைடெக்ஸ் ஒரு கெட்டியான பிளாஸ்டிக். அந்தப் பட்டையை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் துப்பாக்கியை அதிலிருந்து இன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.

நானும் என் கணவரும் ஹூஸ்டனுக்கு வெளியே சின்னதாக ஒரு இந்திய மளிகைக் கடை நடத்துகிறோம். அவருக்குப் பகலில் வேறு வேலை. இரவில் கடையை அடைத்து, அன்றைய வசூலை எடுத்துக்கொண்டு கார் வரை போவது பெரும்பாலும் நான்தான். எங்கள் வரிசையில் இருந்த கடை ஒன்றில் கொள்ளை நடந்த பிறகு முறையாகப் பயிற்சி எடுத்து, கிளாக் 19 ஐந்தாம் தலைமுறைத் துப்பாக்கியை வாங்கினேன். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தும் உரிமம் எடுத்தேன், ஏனென்றால் எந்தெந்த இடத்துக்குள் கொண்டு போகக்கூடாது என்பதை அந்த வகுப்பில்தான் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. "டெக்சாஸில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்" என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சித் தடை அப்படியேதான் இருக்கும். வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். கிரீன் கார்டும் குடியுரிமையும் உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

துப்பாக்கி வாங்கிய கையோடு எனக்கு வந்த சிக்கல் உடை. சுடிதாரிலும் லெகிங்ஸிலும் கெட்டியான பெல்ட் மாட்ட இடமில்லை. சந்தையில் இருக்கும் நல்ல உறைகள் பெரும்பாலானவை ஜீன்ஸ் பெல்ட்டில் கொக்கி போட்டு மாட்டுவதற்கென்று செய்தவை. இந்தக் குறையைத் தெரிந்துகொண்டுதான் இந்த வியாபாரிகள் பெண்களைக் குறிவைக்கிறார்கள்.

அவர்களுடைய பக்கத்தில் நான் பார்த்தது இவ்வளவும்: ட்ரிகரை முழுக்க மூடும் கெட்டியான கூடு, ஐந்தாம் தலைமுறைக்கான சரியான அளவு, பிடிப்பை இறுக்கவும் தளர்த்தவும் திருகு. கூட்டின் படத்தைப் பல கோணங்களில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வாங்குவதற்கு முன் எழுதியும் கேட்டேன். "ஆம், உங்கள் மாடலுக்கென்றே வார்த்தது" என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சல்தான் பிறகு கை கொடுத்தது.

பொதியைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது அனுப்புநர் முகவரி. ஆசியாவில் இருக்கும் ஒரு கிடங்கு. உள்ளே எலாஸ்டிக் பட்டை, அதில் ஒரு பக்கம் மட்டும் தைத்த மெல்லிய பிளாஸ்டிக் தகடு. கட்டைவிரலால் அழுத்தினால் வளைந்தது. திருகு என்று படத்தில் இருந்த இடத்தில் வெறும் அலங்காரக் குமிழ். ட்ரிகர் வளையத்தில் பாதியைத்தான் அந்தத் தகடு மூடியது. மறுபக்கம் முழுக்கத் துணி.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்பவர்களுக்கு, கிளாக் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். அதில் கையால் தள்ளிப் பூட்டும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. உள்ளே மூன்று பாதுகாப்புகள் இருக்கின்றன. ட்ரிகரை இழுக்க இழுக்க மூன்றும் ஒவ்வொன்றாக விலகிவிடும். துப்பாக்கி தவறிக் கீழே விழுந்தால் வெடிக்காமல் இருக்க அவை உதவும். ட்ரிகர் பின்னால் போனால் எதுவும் தடுக்காது. ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அழுத்தம் போதும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது உங்கள் விரலா, கைப்பையின் முனையா, காரில் உட்காரும்போது இடிக்கும் சீட் பெல்ட் கொக்கியா என்று துப்பாக்கிக்குத் தெரியாது. எனவே இந்த வகைத் துப்பாக்கிக்கு உறைதான் வெளியில் இருக்கும் பூட்டு. வயிற்றுக்கு முன்பக்கம் கட்டினால் குழல் தொடையை நோக்கி இருக்கும், அங்கே ஓடுவது காலின் பெரிய தமனி.

எங்களுக்குத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார், கடலூர்க்காரர். பட்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"இதுல தோட்டா போட்டு ஒரு தடவையாவது கட்டினீங்களாம்மா?"

"இல்லண்ணே. வந்ததும் பார்த்தேன், மனசுக்குச் சரியா படல. நேரா உங்ககிட்டதான் கொண்டு வர்றேன்."

"நல்லதாப் போச்சு. இங்க பாருங்க."

தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றினார். மேலே நகரும் பகுதியான ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இல்லை. ஸ்லைடை விட்டு, வெறும் துப்பாக்கியைப் பட்டைக்குள் செருகி மேசைமேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, துணிக்கு வெளியே இருந்து ட்ரிகர் இருக்கும் இடத்தை அழுத்தினார். "டக்" என்று சத்தம் கேட்டது. உள்ளே தோட்டா இருந்திருந்தால் அந்த நொடி வெடித்திருக்கும்.

அடுத்து பட்டையைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்கினார். துப்பாக்கி நழுவிக் கீழே இருந்த மெத்தையில் விழுந்தது. தோட்டாக்கள் நிரம்பிய கிளாக் 19 ஏறக்குறைய 850 கிராம் எடை. அந்த எடையை இழுத்துப் பிடிக்க இந்த எலாஸ்டிக்கால் முடியாது. நாள் போகப்போக இன்னும் தளரும்.

மூன்றாவதாக அவர் காட்டியதை நான் யோசித்திருக்கவே மாட்டேன். துப்பாக்கியை உருவியதும் பட்டையின் வாய் ஒட்டி மூடிக்கொண்டது. மறுபடி உள்ளே வைக்க வேண்டுமென்றால் ஒரு கையால் வாயைப் பிரித்துப் பிடிக்க வேண்டும். அப்போது குழல் அந்தக் கையை நோக்கித்தான் இருக்கும். துணி மடிந்து ட்ரிகர் வளையத்துக்குள் போகவும் வழி உண்டு. பழைய தோல் உறைகளிலும் இதே ஆபத்து உண்டு என்றார். தோல் நைந்து வாய்ப்பக்கம் உள்ளே மடிந்துவிட்டால், துப்பாக்கியைச் செருகும்போது அந்த மடிப்பே விரலைப் போல ட்ரிகரை அழுத்திவிடும்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது ஆரம்பித்தது அடுத்த நாடகம். முதலில், "உங்களுக்கு அணியத் தெரியவில்லை" என்று ஒரு காணொளி அனுப்பினார்கள். பேனாச் சோதனையைப் படமெடுத்து அனுப்பினேன். "பொருளை வைத்துக்கொள்ளுங்கள், 15 சதவீதம் திருப்பித் தருகிறோம்" என்றார்கள். மறுத்தேன். 30 சதவீதம் ஆயிற்று. ஒரு பெண்ணின் வயிற்றில் வெடிக்கக்கூடிய பொருளைத் தள்ளுபடியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அதற்கும் மசியாததால், என் செலவில் அந்த ஆசியக் கிடங்குக்கே திருப்பி அனுப்பச் சொன்னார்கள். தபால் செலவு பொருளின் விலையை நெருங்கியது. கடைசியாக, எங்காவது எதிர்மறையாக எழுதினால் பணம் கிடைக்காது, அது எங்கள் விற்பனை நிபந்தனையில் இருக்கிறது என்று மிரட்டல்.

அந்த மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். வாங்கியவர் உண்மையான அனுபவத்தை எழுதக்கூடாது என்று படிவ ஒப்பந்தத்தில் நிபந்தனை போட்டால் அது செல்லாது என்று 2016-லேயே அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டது. "அமெரிக்கத் தயாரிப்பு" என்று பொய்யாகப் போடுவதும் சட்டமீறல்தான். பொருள் முழுவதும், அல்லது ஏறக்குறைய முழுவதும், இங்கே செய்யப்பட்டிருந்தால்தான் அப்படிப் போடலாம் என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் 2021-ல் விதியே கொண்டுவந்தது.

எனக்குப் பணம் திரும்பி வந்தது கிரெடிட் கார்டு வழியாகத்தான். சொன்னபடி வராத பொருளுக்கான கட்டணத்தை மறுக்க நமக்கு உரிமை உண்டு. அந்தக் கட்டணம் முதன்முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். இந்த வியாபாரிகள் 15, 30 என்று பேரம் பேசி இழுத்தடிப்பதன் நோக்கமே அந்த 60 நாளைக் கடத்துவதுதான் என்பது என் முடிவு. அவர்களோடு பேசிக்கொண்டே இருந்தாலும் மனுவைப் போட்டுவிடுங்கள். விளம்பரப் பக்கத்தின் படம், அவர்கள் எழுதிய பதில், வந்த பொருளின் படம், சோதனைக் காணொளி எல்லாவற்றையும் சேர்த்தேன். ஜெல் (Zelle) போன்ற நேரடிப் பணப் பரிமாற்றத்திலோ, பேபாலில் "நண்பர்கள், குடும்பம்" என்ற வழியிலோ அனுப்பியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. தள்ளுபடி தருகிறேன் என்று அந்த வழியில் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபெடரல் டிரேட் கமிஷனிலும் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் பதிந்திருக்கிறேன்.

சரி, எதை வாங்குவது? கைடெக்ஸ் என்பது சூடாக்கி அச்சின் மேல் அழுத்தி வார்க்கும் ஒரு கெட்டியான பிளாஸ்டிக். நல்ல உறைகளில் அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். வெறும் துப்பாக்கியைச் செருகினால் ட்ரிகர் வளையத்தில் "க்ளிக்" என்று பிடித்துக்கொள்ளும். உருவிய பிறகும் வாய் திறந்தே நிற்கும். இரண்டு பக்கமும் ட்ரிகர் கொஞ்சமும் கண்ணுக்குத் தெரியாது. பேனாவால் எங்கே அழுத்தினாலும் உள்ளே எதுவும் அசையாது. "கிளாக், சிக், ஸ்மித் அண்ட் வெசன் எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று ஒரே உறைக்குப் பத்து மாடல் பெயர் போட்டிருந்தால், அது எதற்கும் பொருந்தாத பை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் தலைமுறை கிளாக்கில் ஸ்லைடு நிறுத்தும் நெம்புகோல் இரண்டு பக்கமும் இருப்பதால், பழைய தலைமுறைக்கு வார்த்த சில உறைகளில் அது இடிக்கும். குழலுக்கு அடியில் விளக்கு மாட்டியிருந்தால் அந்த விளக்கின் மாடலுக்கென்றே வார்த்த உறை வேண்டும். இதையெல்லாம் உங்களிடம் கேட்காமல் விற்கிறவர் உறை செய்கிறவரே இல்லை.

மறைவது பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு அங்குலக் குழல் உள்ளே எளிதாக மறைந்துவிடும். துணிக்கு மேல் புடைத்துத் தெரிவது பதினைந்து தோட்டா பிடிக்கும் கைப்பிடிதான். அதை உடம்போடு அழுத்தி வைக்க, உறையின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கொம்பு உண்டு, இங்கே "க்ளா" என்பார்கள். பெல்ட் அதன் மேல் அழுத்தும்போது கைப்பிடி உள்பக்கம் திரும்பும். குழல் முனைக்கு அருகே ஒட்டும் நுரை மெத்தையும் அதே வேலையைச் செய்யும், வயிற்றில் குத்துவதும் குறையும்.

சுடிதார் போடும் எனக்கு ஒத்து வந்தது, உடையோடு சேராமல் தனியே இடுப்பில் கட்டும் சட்டகம். கெட்டியான கைடெக்ஸ் உறை அதில் திருகி மாட்டப்படும், பட்டை உடைக்கு அடியில் இருக்கும். ஃபில்ஸ்டர் நிறுவனத்தின் எனிக்மா இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது. மலிவு இல்லை. ஒழுங்கான கைடெக்ஸ் உறை ஒன்றுக்கே 60 முதல் 100 டாலர் வரை ஆகும், சட்டகத்துக்கு மேலும் செலவு. 70 சதவீதத் தள்ளுபடியில் 30 டாலருக்கு வருவதை அதோடு ஒப்பிடாதீர்கள். எதை வாங்கினாலும் தோட்டா இல்லாமல் சில நாள் வீட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, குனிந்து, அரிசி மூட்டை தூக்கிப் பாருங்கள். மறுபடி செருகுவதை நின்று, கண்ணால் பார்த்து, மெதுவாகச் செய்யப் பழகுங்கள். சட்டகமாக இருந்தால் முழுதாகக் கழற்றி, துப்பாக்கியை உறைக்குள் வைத்து, பிறகு கட்டிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

எனக்கு விற்ற பக்கம் இப்போது திறக்கவில்லை. ஆனால் அதே படங்கள், அதே பெண், அதே வாசகத்தோடு வேறு கடைப் பெயரில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டின் படமும் இங்கே உள்ள ஒரு சிறு தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து எடுத்தது என்று படத்தை வைத்துத் தேடியபோது தெரிந்தது. அவருக்கும் எழுதித் தெரிவித்திருக்கிறேன். பெயரை வைத்து இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. படத்தைத் தேடிப் பாருங்கள், தெருப் பெயரோடு முகவரி இருக்கிறதா என்று பாருங்கள், தொலைபேசியில் கூப்பிட்டு உங்கள் துப்பாக்கியின் தலைமுறையைச் சொல்லி என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஏற்கெனவே இந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும் அக்கா, தங்கை யாராவது உங்களுக்குத் தெரிந்தால், துப்பாக்கியைக் காலி செய்து அந்தப் பேனாச் சோதனையை ஒருமுறை செய்து காட்டுங்கள்.