மீன் கழுத்துத் துண்டு: உறைந்த பொட்டலமா, சௌகிட் சந்தையா, ஜப்பானியக் கடைத் தட்டா?

கோலாலம்பூரில் மீன்தலைக் கறிக்குக் கிடைக்கிற மரியாதை, அதே தலையோடு ஒட்டி வருகிற கழுத்துத் துண்டுக்குக் கிடைப்பதில்லை. கறிச்சட்டியில் கண்ணுக்கும் கன்னத்துக்கும்தான் போட்டி. கழுத்துப் பகுதி குழம்பில் நெடுநேரம் கொதித்து, கொழுப்பெல்லாம் குழம்போடு போய், எலும்பாகத் தட்டு ஓரத்தில் ஒதுங்கிவிடும். அதே துண்டை உப்பு மட்டும் தடவி நெருப்பில் வாட்டினால் அது வேறு சாப்பாடு.

செவுள் மூடிக்குப் பின்னால் பக்கத் துடுப்பைத் தாங்கி நிற்கும் வளைந்த எலும்பு, அதைச் சுற்றிய சதை, அடிவயிற்றின் முன்நுனி, மூன்றும் சேர்ந்ததுதான் இந்தத் துண்டு. ஒரு மீனுக்கு இரண்டு. ஜப்பானியர் இதைக் ‘காமா’ என்பார்கள். இங்கே கிடைப்பது மூன்று வகை: சூப்பர்மார்க்கெட் உறைந்த பெட்டியில் வரும் சால்மன், ஜப்பானிய உணவகங்களில் வரும் ஹமாச்சி (மஞ்சள்வால் மீன்), சந்தையில் கேட்டு வெட்டி வாங்கும் உள்ளூர் மீன். வீட்டுக்குச் சால்மன், வெளியே போனால் ஹமாச்சி, கரி அடுப்பு இருந்தால் கெராப்பு (சந்தையில் கிடைக்கும் களவா மீன்) என்பது எங்கள் கணிப்பு. ஒன்றே ஒன்றுதான் என்றால் கெராப்பு. ஆனால் நல்ல கெராப்புக் கழுத்து கேட்ட அன்று கிடைக்காது, பொட்டலம் என்றும் கிடைக்கும்.

முதலில் பொட்டலம். சால்மன் கழுத்து ஃபில்லட்டை (எலும்பு நீக்கிய சதைத் துண்டை) விட மிகவும் மலிவு. அந்த மலிவைப் பார்த்து மயங்கும் முன் இரண்டு கழிவுகளைக் கணக்கில் எடுங்கள். ஒன்று, மேலே பூசியிருக்கும் பனிப்படலம். உருகவிட்டு மறுபடி நிறுத்துப் பார்த்தால் அது எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். இரண்டு, எலும்பும் துடுப்பும். தட்டில் தின்னக் கிடைப்பது ஏறக்குறைய பாதி எடை. இரண்டையும் கழித்த பிறகும் விலை கட்டுப்படியாகும், ஆனால் அட்டையில் எழுதியிருக்கிற அளவுக்கு மலிவில்லை.

வாங்கும்போது வயிற்று நுனியைப் பாருங்கள். கொழுப்பு அதிகம் அங்கேதான், கெடுவதும் அங்கேதான் முதலில். ஆரஞ்சு நிறம் மங்கி, ஓரம் மஞ்சளாகவோ வெள்ளையாகக் காய்ந்தோ இருந்தால் வேண்டாம். சால்மன் கொழுப்பு உறைந்த நிலையிலும் மெல்ல மெல்லக் காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை பிடிக்கும். எந்த மசாலாவும் அதை மறைக்காது. கொழுப்பு மீனை வீட்டு உறைபெட்டியில் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பொட்டலத்துக்குள் பனித்தூள் உதிரியாகக் கிடந்தால், வழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்க வாய்ப்பு உண்டு.

உருகவைக்கும் இடம் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு, முதல் நாள் இரவே. நம் ஊர் வெயிலில் சிங்க் ஓரத்தில் வைத்தால் வெளிப்புறம் கெட ஆரம்பிக்கும்போதும் உட்புறம் கல்லாகவே இருக்கும். காற்றை உறிஞ்சி ஒட்டிய பொட்டலமாக இருந்தால் உருகத் தொடங்கும் முன்பே ஒரு மூலையைக் கத்தரித்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமி சில, குளிரிலும் நஞ்சு சுரக்கக்கூடியவை.

இனி எல்லாரும் அவசரப்படும் இடம்: சுத்தம் செய்வது. ‘சுட்ட கழுத்து கவிச்சி அடிக்கிறது’ என்று புகார் சொல்பவர்கள் பெரும்பாலும் நெருப்பைக் குறை சொல்வார்கள். தப்பு முந்தைய படியில் நடந்திருக்கும். வளைந்த எலும்பின் உள்பக்கத்தில் செவுளின் மிச்சம் சிவப்புச் சவ்வாக ஒட்டியிருக்கும், அதன் அடியில் கட்டிய ரத்தம் இருக்கும். கவிச்சியும் கசப்பும் இரண்டும் அங்கிருந்துதான். சிறு கத்தரிக்கோலால் சவ்வை வெட்டி, ரத்தத்தைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுங்கள். செதில் அடுத்த வேலை. ஆலையில் உடம்புச் செதிலைத்தான் எடுப்பார்கள். துடுப்பின் வேரைச் சுற்றியும் தொண்டைக்குக் கீழேயும் செதில் அப்படியே இருக்கும். கத்தியின் முதுகால், துடுப்பைத் தூக்கிப் பிடித்து, வாலில் இருந்து தலைப்பக்கம் போகிற திசையில் சுரண்டுங்கள். சுட்ட பிறகு தோல்தான் பாதிச் சுகம். அதில் ஒரு செதில் பல்லில் மாட்டினால் முழுத் தட்டும் கெட்டது போலத்தான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு கலந்து அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் நேரம் போக ஊறவைத்தால் சதை தண்ணீர் குடித்துக் குழைந்துவிடும். அலசியதும் டிஷ்யூ தாளால் மடிப்புக்குள் எல்லாம் ஒற்றி எடுங்கள். எலுமிச்சையோ புளியோ இப்போது வேண்டாம். புளிப்பு பட்ட இடம் வெளுத்து இறுகிவிடும், அப்புறம் தோல் முறுகாது.

உப்பின் அளவு எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு. 500 கிராம் துண்டுக்கு 8 முதல் 10 கிராம், அதாவது பொடி உப்பு என்றால் ஒன்றரைத் தேக்கரண்டி. துடுப்பு வேருக்கு அருகே சதை தடிப்பு, அங்கே தாராளமாக. வயிற்று நுனி மெல்லிசு, அங்கே சும்மா காட்டினால் போதும். மூடாமல் குளிர்பெட்டியில் 20 முதல் 30 நிமிடம். மேலே துளித்துளியாகத் தண்ணீர் நிற்கும். அதைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்தத் தண்ணீர் ஆவியாகிற வரைக்கும் மீன் சுடாது, அவியும். துடுப்பில் மட்டும் ஈர உப்பைக் கனமாக அப்பினால் கருகாது. அலுமினியத் தாள் சுற்றினாலும் சரி, அழகு குறையும், அவ்வளவுதான்.

நம் வீட்டு வழக்கப்படி மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிசறி மணிக்கணக்கில் ஊறவைக்க நினைப்பவர்களுக்கு: கழுத்தின் கொழுப்பு உருகி வெளியே வர நேரம் எடுக்கும், அதற்குள் மிளகாய்த்தூள் கருகிக் கசந்துவிடும். காரம் வேண்டுமென்றால் கடைசி மூன்று நிமிடத்தில் தடவுங்கள். டெரியாக்கி போன்ற இனிப்புச் சாறும் அப்படித்தான். முன்கூட்டியே பூசினால் மேலே கரி, எலும்போரம் பச்சை.

கரி அடுப்பில் எலும்புப் பக்கம் முதலில். வளைந்த எலும்பு நடுவில் நின்று சூட்டைத் தாங்கிக்கொள்ளும், சதை மெதுவாக வேகும். சாம்பல் பூத்த மிதமான கரியில் 8 நிமிடம். பிறகு தோல் பக்கம், கொஞ்சம் உக்கிரமான சூட்டில் 4 அல்லது 5 நிமிடம். கம்பி வலை நன்றாகக் காய்ந்து, எண்ணெய் தடவிய பிறகுதான் மீன் ஏற வேண்டும். குளிர்ந்த கம்பியில் வைத்தால் தோல் கம்பிக்குத்தான் சொந்தம். ஒட்டினால் இழுக்காதீர்கள், முறுகியதும் தானே விடும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் துண்டை ஓரத்துக்கு நகர்த்துங்கள். அந்தக் கரும்புகை படிந்தால் ருசிக்கும் கேடு, உடம்புக்கும் நல்லதல்ல.

அடுக்குமாடியில் கரிக்கு வழியில்லை. மின்சார ‘அவன்’ (oven) என்றால் மேல்சூடு 220 டிகிரி, தட்டில் கம்பி வைத்துக் கீழே ஒரு கப் தண்ணீர் ஊற்றினால் சொட்டும் கொழுப்பு புகையாது. எலும்புப் பக்கம் மேலே 6 நிமிடம், திருப்பித் தோல் மேலே 7 நிமிடம். ஏர் ஃபிரையர் என்றால் 200 டிகிரி, தோல் மேலே இருக்க 12 முதல் 14 நிமிடம், திருப்பத் தேவையில்லை. இந்த நேரமெல்லாம் 250 கிராம் துண்டுக்கு. ஹமாச்சி பெரியது, ஐந்தாறு நிமிடம் கூட்டுங்கள். துடுப்பு வேரின் தடித்த சதையில் வெப்பமானி 63 டிகிரி காட்ட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் துடுப்பைப் பிடித்து லேசாகத் திருகுங்கள், வெந்திருந்தால் இலகுவாகக் கழன்று வரும். சால்மனில் வெள்ளைத் தயிர் போல ஏதோ கசிந்தால் பயப்பட வேண்டாம், அது உறைந்த புரதம். அளவு மீறிக் கசிந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

தொட்டுக்கொள்ள ஜப்பானிய முறையில் முள்ளங்கித் துருவல், சோயா, எலுமிச்சை. நம்மூர் ஆயர் ஆசாம் இதைவிடப் பொருத்தம்: புளித்தண்ணீர், சின்ன வெங்காயம், சிலி பாடி (சின்னக் காரமிளகாய்), வாட்டிய பெலாச்சான் (இறால் விழுது) ஒரு சிட்டிகை, லீமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை) பிழிந்து. கொழுப்பை வெட்டப் புளிப்பு வேண்டும், அதுதான் கணக்கு. ஈக்கான் பாக்கார் கடைகளைப் போலச் சம்பல் தடவி வாழையிலையில் வைத்து இரும்புத் தட்டில் போடுவது சியாக்காப் போன்ற கொழுப்புக் குறைந்த மீனுக்கு அருமை. சால்மனுக்குச் சரிவராது. உருகிய கொழுப்பு இலைக்குள்ளேயே தேங்கி, தோல் சொதசொதவென்று ஆகிவிடும்.

ஜப்பானிய உணவகத்தில் ஹமாச்சி காமா சொன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். பச்சையில் இருந்து சுட 15, 20 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் தட்டு வந்தால் முன்பே வேகவைத்து வைத்ததைச் சூடு காட்டியிருக்கிறார்கள். நல்ல தட்டில் தோல் கொப்புளித்து, ஆங்காங்கே கறுத்து, துடுப்பில் உப்பு வெள்ளையாக நிற்கும். அடியில் தண்ணீர் தேங்காது, எண்ணெய்ப் பளபளப்புதான் இருக்கும். இங்கு வரும் ஹமாச்சி அநேகமாக ஜப்பானில் வளர்த்த மீன். அதனால் கொழுப்பு சீராக இருக்கும், ஏமாற்றம் குறைவு. ஆனால் ஹமாச்சியில் ஒரு எச்சரிக்கை உண்டு. குளிர் தவறிய ஹமாச்சி, சூரை, கானாங்கெளுத்தி வகைகளில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். எவ்வளவு சுட்டாலும் அது போகாது. முதல் வாயிலேயே நாக்கு மிளகைக் கடித்தது போல எரிந்தால் தட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

ஹலால் பார்ப்பவர்கள் கவனிக்க: மெனுவில் ‘சாக்கே’ என்றால் சால்மனும் ஆகலாம், அரிசி மதுவும் ஆகலாம். டெரியாக்கியில் மிரின் சேர்ப்பது வழக்கம், அதுவும் மது சேர்ந்தது. வெறும் உப்பில் சுட்டது என்று எழுதியிருந்தாலும் வாடை போக்கச் சாக்கே தெளிப்பவர்கள் உண்டு. கேட்டுவிடுவது நல்லது.

சத்து. வளர்ப்பு அட்லாண்டிக் சால்மனின் பச்சைச் சதை 100 கிராமில் சுமார் 208 கலோரி, 20 கிராம் புரதம், 13 கிராம் கொழுப்பு, ஒமேகா-3 வகையில் இபிஏவும் டிஹெச்ஏவும் சேர்ந்து 2 கிராம் அளவு, வைட்டமின் டி 11 மைக்ரோகிராம். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராம் என்பது வழக்கமான பரிந்துரை. இவை ஃபில்லட்டின் எண்கள். கழுத்தில், அதுவும் வயிற்று நுனியில், கொழுப்பு இதைவிடக் கூடுதல். ஒமேகா-3 கூடும், கலோரியும் கூடும். ‘மீன்தானே’ என்று இரண்டு துண்டைத் தனியாளாக முடிப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். கொலாஜனுக்காக இதைச் சாப்பிடச் சொல்வோரும் உண்டு. தோலிலும் குருத்தெலும்பிலும் அது நிறையத்தான். ஆனால் கொலாஜனில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலமே கிடையாது, அதை முழுப் புரதமாக எண்ணக்கூடாது. வாய்க்கு வழவழப்பைத் தருவதே அதன் பெரிய உபகாரம். உப்பு விஷயத்தில் சுட்ட கழுத்தை விடச் சாறுதான் ஆபத்து: சோயா ஒரு மேசைக்கரண்டியில் சோடியம் ஏறக்குறைய 900 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்குச் சொல்லும் வரம்பு 2000.

சந்தைக்குப் போகிறவர்களுக்கு: சௌகிட், பூடு, பினாங்கில் சௌராஸ்தா, எங்கே போனாலும் கழுத்தைத் தனியாக அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். தலையோடு சேர்த்து விற்றால்தான் தலைக்கு எடை. அதனால் தலையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு, செவுளுக்குப் பின்னால் இரண்டு விரல் இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். துடுப்பு கழுத்தோடு நிற்க வேண்டும். தலை கறிக்கு, கழுத்து அடுப்புக்கு. இரண்டு கிலோவுக்குக் குறைந்த மீனில் இந்த வேலை வீண். சியாக்காப்பில் எலும்பு பெரிது, சதை ஒரு வாய். ஜெனாஹாக் பரவாயில்லை, சதை உறுதி, கொழுப்பு கொஞ்சம் குறைவு, அதனால் சுடும் முன் எண்ணெய் தடவ வேண்டும். கெராப்பில் தோல் தடிப்பு, அடியில் பசை. சுட்டால் உதடு ஒட்டும். மிகப் பெரிய பவளப்பாறை மீன்களை மட்டும் தவிருங்கள். சிகுவாத்தெரா நஞ்சு வயதான பெரிய மீனில் சேரும், தலையிலும் ஈரலிலும் கூடுதலாக இருக்கும், சமைத்தாலும் அழியாது. நடுத்தர மீனே போதும்.

தின்னும்போது கரண்டி உதவாது. துடுப்பைத் திருகி எடுத்தால் அதன் வேரில் உருண்டையாக ஒரு சதை வரும், முதலில் அது. பிறகு வளைந்த எலும்பை இரண்டாக ஒடித்தால் உள்மடிப்பில் இன்னொன்று. வயிற்று நுனியைக் கடைசிக்கு வைக்காதீர்கள். ஆறினால் கொழுப்பு இறுகி மெழுகுபோல் ஆகும். மிஞ்சிய எலும்பை இஞ்சித் துண்டோடு 20 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் மறுநாள் கஞ்சிக்குச் சாறு கிடைக்கும். சால்மன் எலும்பு என்றால் மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிடுங்கள், கெராப்பு என்றால் எடுக்க வேண்டாம்.