கதவுக்குள் அறுந்த ஒரு வயருக்கு ஸ்பீக்கரையும் ஸ்டீரியோவையும் மாற்றவைத்தார்கள்

சேலத்தில் கார் ஆடியோ வேலைக்குக் கடை தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 12,300 ரூபாய். கடைசியில் கோளாறு சரியானது 200 ரூபாயில்.

டிரைவர் பக்கக் கதவு ஸ்பீக்கர் மட்டும் கரகரவென்று இழுக்கும், நின்றுபோகும், அதுவாகவே மறுபடி பாடும். ஊருக்குள் ஓட்டும்போது ஒழுங்காக இருக்கும், கோரிமேடு தாண்டி ஏற்காடு மலை ஏற ஆரம்பித்தால் 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் பத்து தடவையாவது போய்ப் போய் வரும். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, கடுப்பில் கதவை ஓங்கிச் சாத்தினேன், பாட்டு பளிச்சென்று வந்துவிட்டது. கோளாறு எங்கே என்று அந்தக் கதவே சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடை. நல்ல கூட்டம், கண்ணாடி அலமாரி, ஏசி. கதவைச் சாத்தினால் சத்தம் வருகிறது என்பதையும் சேர்த்தே சொன்னேன். வேலை செய்கிற பையன் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றக்கூட இல்லை, வால்யூமை ஏற்றிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "காயில் போச்சுங்க சார், ஜோடியா மாத்தினாத்தான் சவுண்ட் செட் ஆகும்" என்றான். காயில் என்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள். 3,800 ரூபாய். பழைய ஸ்பீக்கர்கள் இரண்டையும் கையோடு வாங்கி வந்துவிட்டேன், அது என் புத்தி இல்லை, வீட்டுக்காரம்மா கிளம்பும்போதே சொல்லி அனுப்பியது.

மூன்றாம் நாள் மறுபடி அதே கரகர. திரும்பிப் போனால் இந்த முறை ஓனரே வந்தார். "ஸ்டீரியோவுல ஐ.சி. அடி வாங்கிடுச்சுங்க சார், அந்த ஒரு சேனல் அவுட்டு. அதுதான் உங்க ஸ்பீக்கரையும் சாப்பிட்டிருக்கு." ஐ.சி. என்பது ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்பும் சிப், சேனல் என்பது அதிலிருந்து ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் லைன். கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ 9,500, பழையதைக் கொடுத்தால் 1,000 கழிவு என்று பேசி மாட்டிவிட்டார்கள். அதற்குள் நான் வெளியே போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வந்தேன். அந்த நேரத்தில்தான் வயர்களைச் செருகி இணைக்கும் கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப் வெயிலில் இளகி, ஸ்பீக்கர் வயர் வண்டியின் இரும்பு பாடி மேலே பட்டால் நிஜமாகவே ஐ.சி. போகும். கார் ஸ்டீரியோவில் ஸ்பீக்கரின் மைனஸை எர்த் செய்யவே, அதாவது பாடியோடு சேர்க்கவே கூடாது, இது அந்தத் தொழிலில் அரிச்சுவடி.

புது ஸ்டீரியோவும் அடுத்த ஞாயிறு மலையில் கரகரத்தது.

ஸ்பீக்கர் புதுசு, ஸ்டீரியோ புதுசு, அப்படியென்றால் மிச்சம் இருப்பது நடுவில் போகும் வயர்தானே! இதைக் கண்டுபிடிக்க எனக்கு 12,300 ரூபாய் ஆனது. அப்புறம் நண்பன் ஒருவன் அம்மாப்பேட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கூட்டிப்போனான். கடைக்கு போர்டுகூடக் கிடையாது. அவர் பாட்டை ஓடவிட்டு, பேலன்ஸை வலது பக்கம், ஃபேடரை முன்பக்கம் தள்ளி அந்த ஒரு ஸ்பீக்கரை மட்டும் பாடவைத்தார். கதவை மெதுவாகத் திறந்து மூடினார். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சத்தம் நின்றது. "தம்பி, கதவுக்கும் பாடிக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா ரப்பர் இருக்குதுல்ல, அதுக்குள்ளதான்" என்று அதை உருவிக் காட்டினார். வயரின் மேல் உறை முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்து நுனியும் நுனியும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. குலுங்கினால் விலகும், சாத்தினால் சேரும். டிரைவர் கதவைத்தானே ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறக்கிறோம், அதனால் அந்தப் பக்கம்தான் முதலில் போகுமாம். பவர் விண்டோ நன்றாக வேலை செய்கிறதே என்று கேட்டேன், அதற்குப் போவது வேறு வயர், இது நூல் மாதிரி மெல்லிசு என்றார். துண்டு வயர் கொடுத்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடினார்.

புது ஸ்பீக்கரில் பேஸ் வரவே இல்லையே அண்ணா என்றதற்கு இன்னொரு கூத்து வெளியே வந்தது. ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பீக்கரில் அசைந்து சத்தம் தரும் கூம்புதான் கோன். ஒரு கோன் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று அடித்துத் தின்றுவிடும்.

பழைய ஸ்பீக்கர்களையும் காட்டினேன். மல்டிமீட்டரில் இரண்டும் 3.6 ஓம். நாலு ஓம் ஸ்பீக்கர் அப்படித்தான் கொஞ்சம் குறைவாகக் காட்டும், காயில் அறுந்திருந்தால் மீட்டர் அசையவே அசையாது. மீட்டர் இல்லாதவர்கள் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள், டொக்கென்று சத்தம் வந்து கோன் அசைந்தால் காயிலில் கரண்ட் போகிறது என்று அர்த்தம். கோனை நாலு விரலால் சமமாக மெல்ல அழுத்தியும் பார்க்க வேண்டும், உள்ளே உரசினால் அது வேறு கேஸ். ஸ்டீரியோ மேல் சந்தேகம் என்றால் அதன் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். கரகர அந்தப் பக்கம் தாவினால் ஸ்டீரியோ, தாவாவிட்டால் வயரோ ஸ்பீக்கரோ. பத்து நிமிட வேலை. உங்கள் கண்முன்னால் செய்துகாட்ட மாட்டேன் என்கிற கடையில் பர்ஸைத் திறக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம் என்று பார்த்தால், என் கையில் இருப்பது பேனாவில் தொகை மட்டும் கிறுக்கிய துண்டுச்சீட்டு. அன்றைக்கே ஜிஎஸ்டி பில் கேட்டிருக்க வேண்டும். சரி, பில்லாவது வாங்குவோம் என்று போனவாரம் கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் என் பழைய ஸ்டீரியோ, வால்யூம் குமிழ் ஓரத்தில் என் பெண் கிறுக்கிய கீறலோடு, பளபளவென்று எரிந்துகொண்டிருக்கிறது. ஐ.சி. போனது என்றீர்களே என்றேன். "நல்ல கண்டிஷன் சார், நாலு சேனலும் பக்காவா பாடும், 3,500 சொல்றோம், உங்களுக்குன்னா 3,000" என்கிறான் அதே பையன்.