சவரக்கத்திக்கு ஒரே ஒரு கல்: ஆறு வருட அனுபவம்

சவரக்கத்தியால் மழிக்க ஆரம்பித்த முதல் வருடத்திலேயே மூன்று சாணைக்கல் வாங்கிவிட்டேன். 1000, 12000 (எண் கூடக்கூட கல் நைஸானது), அப்புறம் பெல்ஜியத்தில் வெட்டியெடுக்கும் மஞ்சள் நிற இயற்கைக் கல்லான கோடிக்யூல். இன்று புழக்கத்தில் இருப்பது கோடிக்யூல் மட்டும்தான்.

1000 கல் கூர்முனையைப் புதிதாக உருவாக்கவும், சில்லு விழுந்த கத்தியைச் சரிசெய்யவும்தான். லேசாக மழுங்கிய கத்திக்கு அதைத் தொடவே கூடாது. தேவையில்லாமல் இரும்பு தேயும். அதனால் அதை ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். 12000 கல் பிசினால் பிணைத்த செயற்கைக் கல். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெயிலில் காயவைத்தேன். மேலெல்லாம் சிலந்தி வலை மாதிரி விரிசல். தப்பு என்னுடையதுதான்.

கோடிக்யூலை ஊறவைக்க வேண்டாம், மேலே தண்ணீர் தெளித்தால் போதும். அதிலுள்ள கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் நுண்ணிய மணிகள்தான் இரும்பைத் தேய்க்கின்றன. சிறு கல்துண்டால் உரசினால் பால் மாதிரி ஒரு குழம்பு வரும். குழம்போடு தீட்டினால் வேகம் கூடும், ஆனால் அந்தத் துகள்களே முனையை மொண்ணையாக்கும். கூர்மையைப் புதுப்பிக்க எனக்கு வெறும் தண்ணீர்தான். தோல்வாரில் இழுத்த பிறகும் கத்தி முடியைப் பிடித்து இழுத்தால், கத்தியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லாமல் பதினைந்து இருபது தடவை. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை இது வரும்.

ஆனால் ஒரு கத்தி மட்டும் மாதக்கணக்கில் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஐம்பது தடவை தீட்டியும் அப்படியே இருந்தது. கல்லில்தான் குறை என்று நினைத்தேன். கடைசியில் முனை ஓரமாக மார்க்கர் மை பூசித் தீட்டிப் பார்த்தேன். முனையில் மை அப்படியே இருக்க, அதற்குச் சற்றுப் பின்னால் மட்டும் அழிந்திருந்தது. எனக்கு முன்னால் தீட்டியவர் கத்தியின் முதுகில் டேப் ஒட்டித் தீட்டியிருக்கிறார். தீட்டும்போது முதுகும் கல்லில் படிந்திருக்கும்; டேப் இல்லாவிட்டால் முதுகு தாழும், முனை கல்லைத் தொடாது. ஒரு சுற்று டேப் ஒட்டியதும் பத்தே இழுப்பில் கூர் வந்துவிட்டது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. கல்லின் நடுவில் குழி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை பென்சிலால் கட்டம் போட்டு, ஓடும் தண்ணீரில் வைரத்தூள் தகட்டில், கோடு முழுக்க மறையும்வரை தேய்க்கிறேன். அப்போதே ஓரங்களையும் மழுக்கிவிடுவேன். தகடு கல்லின் பரப்பை முரடாக்கிவிடும். சின்னத் துண்டால் உரசி அதை வழவழப்பாக்காமல் தீட்டினால் அன்றைய மழிப்பு எரியும். அப்புறம் நிழலில் காயவைப்பது, அவ்வளவுதான்.

குறை என்றால், இயற்கைக் கல் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. என்னுடையது மெதுவான கல். எப்போதும் ஒரே மாதிரி விளைவு வேண்டுமென்றால் செயற்கை 12000தான் நல்லது, ஊறப்போடாமல் இருந்தால்.

போன மாதம் கை நழுவிக் கத்தி குழாயில் இடித்து, முனையில் சில்லு விழுந்தது. 1000 கல்லைக் கேட்டு அதே நண்பர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.